ஏற்றத்தில் யாருடைய வேகம்?

சமதரையில் தோழமை பேசுதல் எளிது. ஏற்றத்திலேதான் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. துவிச்சக்கரவண்டிகளில் நெடுந்தூரம் கூட்டாகப் பயணஞ் செய்வோர், மலைப்பாதை தொடங்கும் நாளில் இவ்வுண்மையைத் தத்தம் கால்களாலேயே அறிந்துகொள்கின்றனர். அதுவரை ஒரே வரிசையிற் சென்ற பத்துப்பேர், முதலாவது பெருவளைவைத் தாண்டுவதற்குள் பத்துத் தனிமனிதராகச் சிதறிவிடுகின்றனர். அவ்வேளையில் ஒரு வினா எழுகின்றது. கூட்டமொன்று மலையேறும்போது யாருடைய வேகம் கூட்டத்தின் வேகமாக இருத்தல் வேண்டும்? வல்லவனுடையதா, மெலிந்தவனுடையதா, அன்றி அவரவர் வேகம் அவரவர்க்கு என்பதா?

இளைஞரின் பொழுதுபோக்கைப் பற்றிய சில்லறை வினா இதுவென்று சிலர் கருதக்கூடும். ஆயின், நாற்பது மாணவர் இருக்கும் வகுப்பறையில் நாள்தோறும் நிற்கும் ஆசிரியர் எவரும் இவ்வினாவை அற்பமானதென்று தள்ளமாட்டார். தொழிற்சங்கத்தை நடத்துவோரும் தள்ளமாட்டார். சமுதாயத்தின் பெரிய வினாக்கள் சிறிய உருவில் தோன்றும் இடங்கள் சில உண்டு. மலைப்பாதை அவற்றுள் ஒன்று.

எம் நாட்டு உதாரணமொன்றையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரை ஏ-9 நெடுஞ்சாலை 321 கிலோமீற்றர் நீளமுடையது. தம்புள்ளை வரை பெரும்பாலும் சமதரை. மாத்தளையை அண்மிக்கும்போது நிலம் உயரத் தொடங்குகின்றது. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவை அடைய வேண்டுமாயின் ஏறக்குறைய 75 கிலோமீற்றர் தூரத்தில் 1,868 மீற்றர் உயரத்தை எட்ட வேண்டும். பேராதனையும் கம்பளையும் பெரிதாகத் துன்புறுத்துவதில்லை. ஏற்றத்தின் பெரும்பங்கும் அவற்றுக்கு அப்பாலேயே காத்திருக்கின்றது.

யாழ்ப்பாணத்தவர்க்குத் துவிச்சக்கரவண்டி புதிதன்று. மேடுபள்ளமற்ற குடாநாட்டில் அது ஆசிரியரின் வாகனமாகவும், தோட்டக்காரரின் பாரவண்டியாகவும், மாணவரின் உற்ற துணையாகவும் பல தலைமுறைகளாக இருந்து வந்திருக்கின்றது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருள் அரிதாகிய வேளையில், நோயாளரையும் விறகையும் வீட்டுப் பொருள்களையும் சுமந்தது அதுவே. 2022இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, தென்னிலங்கையும் அதனை மீண்டும் தேடிப் போயிற்று. ஆனால் அந்தச் சமதரை அனுபவம் மலைக்கு உதவுவதில்லை. ஏன் என்பதைச் சற்று நோக்க வேண்டும்.

சமதரையில் சைக்கிளோட்டியின் பெரும்பகை காற்று. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு மிக விரைவாகக் கூடுகின்றது. ஆகவே ஒருவர் முன்னே சென்று காற்றைக் கிழித்தால், அவர் சக்கரத்தை அணைந்து பின்னே செல்பவர் தம் உழைப்பில் காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை மிச்சம் பிடிக்கலாம். முன்னே செல்பவர் களைத்ததும் விலகிப் பின்னே வருகிறார். இன்னொருவர் முன்னே போகிறார். இங்கே ஒத்துழைப்பு எல்லார்க்கும் இலாபம் தருகிறது. வல்லவனும் தனியே செல்வதைவிடக் கூட்டத்தோடு செல்வதால் நன்மை அடைகிறான். சுயநலமும் பொதுநலமும் ஒரே திசையில் உருளும் காலம் அது.

மலையிலே கதை வேறு. வேகம் குறைந்துவிடுவதாற் காற்று பகையாக இருப்பதில்லை. ஈர்ப்பு விசையே பகையாகின்றது. காற்றை ஒருவர் மற்றொருவருக்காகக் கிழிக்கலாம். ஒருவரின் உடற்பாரத்தை மற்றொருவர் ஏற்ற முடியாது. பின்னால் வருபவர்க்கு முன்னால் செல்பவரின் முதுகு எந்தப் பாதுகாப்பும் அளிப்பதில்லை. வல்லவனுக்கும் கூட்டத்தால் இனி யாதொரு பயனுமில்லை. இலாபம் இருந்தவரை நிலவிய ஒற்றுமை, இலாபம் மறைந்ததும் நிலவுமா? மலை கேட்கும் கேள்வி இதுதான். ஒரு குழுவின் அறத்தைச் சமதரையில் அளக்க முடியாது என்று நாம் கூறுவது இக்காரணம் பற்றியே.

இவ்வினாவுக்குப் பொதுவாக வழங்கப்படும் முதல் விடை, ‘அவரவர் வேகத்தில் ஏறுவோம், உச்சியிற் காத்திருப்போம்’ என்பதாகும். சுதந்திரமும் சமத்துவமும் கலந்த நியாயமான ஏற்பாடாக இது தோன்றுகிறது. ஆனால் நடைமுறையில் என்ன நிகழ்கின்றது? வல்லவன் பன்னிரண்டு மணிக்கு உச்சியை அடைகிறான். மரநிழலில் அமர்கிறான், தேநீர் அருந்துகிறான், கால்களை நீட்டிக்கொள்கிறான். கடைசியாக வருபவன் பன்னிரண்டு நாற்பதுக்கு வந்து சேர்கிறான். அவன் வண்டியை விட்டு இறங்குவதற்குள், காத்திருந்து சலித்தவர்கள் எழுந்துவிடுகிறார்கள். ‘வந்தாயிற்றா? சரி, புறப்படுவோம்.’ மிகக் குறைவாகக் களைத்தவனுக்கு நாற்பது நிமிட ஓய்வு. மிக அதிகமாகக் களைத்தவனுக்கு ஓய்வே இல்லை. அடுத்த ஏற்றத்தில் இடைவெளி ஒரு மணி நேரமாகிறது. மாலையானதும், ‘அவனுக்குத் தைரியம் போதாது’ என்று தீர்ப்பும் வழங்கப்படுகிறது.

இங்கே எவரும் எவருக்கும் வேண்டுமென்று தீங்கு செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விதி எல்லார்க்கும் ஒன்றே. ஒரே விதியைச் சமமற்றவர்மீது சுமத்தியதனாலேயே சமமின்மை வளர்ந்தது. சமமற்ற மனிதரை ஒரே அளவுகோலால் அளக்கும் உரிமை, உள்ளடக்கத்தில் சமமின்மையின் உரிமையாகவே முடியும் என்பதை மார்க்ஸ் 1875இல் கோத்தா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது சுட்டிக்காட்டினார். அவர் பேசியது ஊதியத்தையும் உழைப்பையும் பற்றி. மலையுச்சியின் மரநிழலுக்கும் அக்கருத்து பொருந்துகின்றது.

இரண்டாவது விடை, ‘மிக மெல்லச் செல்பவரின் வேகத்திலேயே எல்லாரும் செல்வோம்’ என்பது. இதன் நல்லெண்ணத்தை நாம் மதிக்கின்றோம். ஆயினும் இதிலும் இடர்கள் உள. செங்குத்தான ஏற்றத்தில் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே வண்டி நிலைகொள்ளாது தள்ளாடும். வல்லவன் இறங்கி உருட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. யாருக்காக எல்லாரும் மெல்லச் செல்கின்றனர் என்பது எல்லார்க்கும் தெரியும். அந்த ஒருவருக்கு மிக நன்றாகத் தெரியும். அவர் முதுகில் இரக்கம் இன்னொரு மூட்டையாக ஏறுகிறது. கொடுப்பவர், பெறுபவர் என்ற பிரிவு உண்டாகும் இடத்தில் தோழமை நிலைப்பது அரிது. தானம் பெறுபவன் தலைகுனிந்தே ஏறவேண்டியிருக்கிறது.

அப்படியாயின் வழி என்ன? யாருடைய வேகம் என்ற வினாவை மட்டும் பற்றிக்கொண்டு நிற்பதாலேயே இத்தடுமாற்றம் நேர்கின்றது என்பது எமது கருத்து. கால்களின் ஆற்றலைப் பங்கிட முடியாது, உண்மை. ஆனால் பாரத்தைப் பங்கிடலாம், ஓய்வைப் பங்கிடலாம், முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பங்கிடலாம்.

சிறு கணக்கொன்றைப் பார்ப்போம். மெலிந்த ஒருவரின் உடல் 50 கிலோ, வண்டி 12 கிலோ, பொதி 10 கிலோ எனக் கொள்வோம். மொத்தம் 72 கிலோ. வல்லவரின் உடல் 70 கிலோ, வண்டியும் பொதியும் முன்போலவே. மொத்தம் 92 கிலோ. மெலிந்தவரின் பொதியை வல்லவர் ஏற்றுக்கொண்டால், முன்னவர் மலைமீது தூக்கிச் செல்லவேண்டிய பாரத்தில் ஏறக்குறைய ஏழிலொரு பங்கு குறைகின்றது. பின்னவர்க்குக் கூடுவதோ ஒன்பதிலொரு பங்கு. பத்துக் கிலோ இரு தோள்களிலும் அதே பத்துக் கிலோதான். ஆயினும் ஒருவர்க்கு நீங்கும் துன்பம் மற்றவர்க்குச் சேரும் துன்பத்தைவிடப் பெரிது. பாரம் இடம் மாறும்போது கூட்டத்தின் மொத்த வேதனை குறைகின்றது. இதற்கு அருள் உள்ளம் தேவையில்லை; எண்கணிதமே போதும்.

ஓய்வின் விடயமும் அவ்வாறே. ஓய்வு நேரம் முதலாவதாக வந்தவரிலிருந்து கணிக்கப்படாமல் கடைசியாக வந்தவரிலிருந்து கணிக்கப்படட்டும். எப்போது புறப்படுவது என்பதைக் கடைசியாக வந்தவரே சொல்லட்டும். மெல்லச் செல்பவர்கள் காலையில் அரைமணி நேரம் முந்திப் புறப்படட்டும். பம்பும் ரியூப் ஒட்டும் சாமான்களும் வைத்திருக்கும் திறமைசாலி ஒருவர் எப்போதும் வரிசையின் கடைசியில் வரட்டும். இவையெல்லாம் முதல்நாளே, சமதரையிலேயே, எல்லாரும் கூடித் தீர்மானித்த விதிகளாக இருக்க வேண்டும். மலையின் நடுவில் ஒருவர் மூச்சுத் திணறும்போது செய்யப்படும் உதவி சலுகையாகின்றது. முன்னரே தீர்மானிக்கப்பட்டது உரிமையாகின்றது. பயன் ஒன்றாயினும், அதைப் பெறுபவர் நிமிர்ந்து நிற்கிறாரா குனிந்து நிற்கிறாரா என்பது இவ்வேறுபாட்டிலேயே தங்கியுள்ளது.

இதற்கு மறுப்பொன்று கூறப்படலாம். ‘வல்லவன் தன் வலிமையைத் தானே தேடிக்கொண்டான், அதன் பயனை ஏன் பிறர்க்குப் பங்கிட வேண்டும்?’ வலிமையில் பயிற்சிக்கும் முயற்சிக்கும் பங்குண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சிறுவயதிற் கிடைத்த உணவுக்கும் பங்குண்டு. பல கியர்கள் கொண்ட புதிய வண்டியை வாங்கித் தந்த தகப்பனாரின் சம்பளத்துக்கும் பங்குண்டு. பாரவண்டியாக உழைத்த பழைய சைக்கிளில் வந்தவனையும் புது வண்டியில் வந்தவனையும் ஒரே ஏற்றத்தில் நிறுத்தி, முந்தியவனுக்கு வீரப்பட்டம் சூட்டுவது எவ்வகை நீதி? அதுவுமன்றி, சமதரையில் எல்லாரும் மாறிமாறிக் காற்றைக் கிழித்ததனாலேயே வல்லவனும் மலையடிவாரத்தைக் களைப்பின்றி அடைந்தான். பட்ட கடனை மலையில் மறந்துவிடுதல் பொருந்தாது.

தனித்தன்மையை வழிபடும் தத்துவம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ரூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் வரலாறு நன்கு காட்டுகின்றது. 1903இல் அப்பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி டெகிராஞ் என்னும் பத்திரிகையாசிரியர், ஒவ்வொரு ஓட்டியும் பிறர் உதவியின்றித் தானே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டுமென்பதில் பிடிவாதமாக இருந்தார். 1913இல் பிரெனீஸ் மலைத்தொடரின் ரூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது, யூஜீன் கிறிஸ்தோப் என்பவரின் வண்டியின் முன்கவை முறிந்தது. அவர் வண்டியைச் சுமந்துகொண்டு பல கிலோமீற்றர் நடந்து ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையை அடைந்தார். அதிகாரிகள் பார்த்துக்கொண்டு நிற்க, தம் கைகளாலேயே இரும்பைக் காய்ச்சிக் கவையைச் சீராக்கினார். ஆனால் துருத்தியை ஊதியவன் ஒரு சிறுவன். பிறர் உதவி பெற்ற குற்றத்துக்காக அவர்மீது நேரத் தண்டனை விதிக்கப்பட்டது! ஒரு சிறுவன் துருத்தி ஊதியது குற்றமாகும் அறம் மனிதர்க்கு உரியதாக இருக்க முடியாது.

மலையேற்றத்தை எளிதாக்கும் கியர் மாற்றும் பொறியையும் டெகிராஞ் நெடுங்காலம் பந்தயத்தில் அனுமதிக்கவில்லை. ஓட்டிகள் மலையடிவாரத்தில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டிக்கொண்டே ஏறினர். 1937இலேதான் அப்பொறி அனுமதிக்கப்பட்டது. அதற்கிடையில், சாதாரணப் பயணிகள் அதனைப் பயன்படுத்தி மலைகளை இன்புற்று ஏறிக்கொண்டிருந்தனர். துன்பத்தைக் குறைக்கும் கருவி கையிலிருக்கவும், துன்பமே வீரத்தின் அளவுகோல் என்று கூறுவோர் எப்போதும் பிறருடைய துன்பத்தில் பத்திரிகை விற்போராகவே இருந்திருக்கின்றனர். டெகிராஞ்சின் பத்திரிகையை விற்பதற்காகவே அப்பந்தயம் தொடங்கப்பட்டது என்பதும் வரலாறு.

பிற்காலத்தில் அப்பந்தயத்தில் கூட்டு உழைப்பு வளர்ந்தது. ஆனால் எவ்வகைக் கூட்டு? 1934இல் றெனே வியெத்தோ என்னும் இருபது வயது இளைஞர், தம் அணியின் தலைவர் அந்தோனின் மாஞ்சின் சக்கரம் பழுதானபோது தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பாதையோரத்துச் சுவரில் அமர்ந்து உதவி வண்டிக்காகக் காத்திருந்தார். மற்றொரு நாள், ஏறிய மலையில் திரும்பிச் சென்று தலைவருக்கு மீண்டும் உதவினார். மாஞ் பந்தயத்தை வென்றார்; வியெத்தோ ஐந்தாமிடம் பெற்றார். அவர் தியாகம் இன்றும் போற்றப்படுகின்றது. நாமும் அவ்விளைஞரை மதிக்கின்றோம். ஆயின் அங்கே உதவி எத்திசையிற் பாய்ந்தது என்பதைக் கேளாதிருக்க முடியாது. கீழிருந்து மேல்நோக்கி, பலரிடமிருந்து ஒருவரை நோக்கிப் பாய்ந்தது. தொழிற்சாலையில் பலர் உழைக்க ஒருவர் பெயர் பொறிக்கப்படுவதும் இவ்வகைக் கூட்டுத்தான். கூட்டு என்ற சொல் மட்டும் அறத்துக்கு உத்தரவாதமன்று.

இதே காலப்பகுதியில் வேறொரு மரபும் வளர்ந்தது. 1894இல் இங்கிலாந்தின் பேமிங்ஹாமில் சோஷலிஸ இளைஞர் சிலர் சேர்ந்து, றொபேட் பிளட்ச்போட் நடத்திய ‘கிளாரியன்’ பத்திரிகையின் பெயரால் ஒரு சைக்கிள் கழகத்தை அமைத்தனர். வாரவிடுமுறைகளில் ஊர் ஊராகச் சென்று பத்திரிகையும் துண்டுப்பிரசுரமும் பரப்பினர். பிளட்ச்போட் பின்னாளில் ஏகாதிபத்தியப் போர்களை ஆதரித்து வழிதவறினார் என்பது வேறு விடயம். கழகம் அவரைக் கடந்து வாழ்ந்தது. 1896இல் ஜேர்மனியின் ஒஃபன்பாக் நகரில் தொழிலாளரின் சைக்கிள் சங்கமொன்று தோன்றியது. அதற்கு அவர்கள் இட்ட பெயரிலேயே ‘ஒருமைப்பாடு’ என்னும் சொல் இருந்தது. வண்டிகளை விற்பதற்கும் அவர்கள் கூட்டுறவு முறையையே கைக்கொண்டனர். 1933இல் நாஸிகள் அதைத் தடைசெய்தனர். கொடுங்கோலர்க்குச் சைக்கிளோட்டிகள்மீது என்ன பகை? சேர்ந்து ஏறப் பழகியவர் வேறு காரியங்களையும் சேர்ந்து செய்வர் என்பதை அவர்கள் சரியாகவே ஊகித்தனர்.

இனி எம் மலைக்குத் திரும்புவோம். புசல்லாவையிலும் இறம்பொடையிலும் மூச்சு வாங்க நிற்கும் பயணி, பாதையின் இருமருங்கும் தேயிலை மலைகளைக் காண்கிறார். அங்கே கொழுந்து பறிக்கும் பெண்கள் தெரிகின்றனர். அவர்களும் ஏறுகின்றனர், பொதியோடு ஏறுகின்றனர், பொதி நேரத்துக்கு நேரம் பாரமாகின்றது. வெறுங்காட்சியாக இதனைக் கடந்து செல்வோமாயின், மலையேற்றத்தைப் பற்றி நாம் பேசிய அறமெல்லாம் வெற்றுரையாகும்.

தோட்டத்தில் ஒரு நாட்கூலிக்குப் ‘பேர்’ என்று பெயர். குறிக்கப்பட்ட அளவு கொழுந்து எடுத்தாற் பேர், குறைந்தால் அரைப்பேர். அந்த அளவு பல தோட்டங்களில் 18 கிலோவாகவும் அதற்கு மேலாகவும் இருந்து வந்திருக்கின்றது. கொழுந்து நிறைந்த மலையும் வரண்ட மலையும் உண்டு. இளம்பெண்ணும் ஐம்பதைக் கடந்த தாயும் உண்டு. அளவு மட்டும் ஒன்றே. நாள் முழுவதும் நின்று உழைத்த ஒருத்திக்குப் பாதி மனுஷியென்று கணக்கெழுதும் இவ்வழக்கம், ‘எல்லார்க்கும் ஒரே விதி’ என்ற தத்துவத்தின் முழு வடிவமாகும். நாட்கூலி ஆயிரம் ரூபாவாக வேண்டுமென்ற கோரிக்கை வர்த்தமானியில் ஏறுவதற்கே பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 ஆக வேண்டியிருந்தது.

இம்மக்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளையை நோக்கிக் கால்நடையாக வந்தவர்கள். காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். முதலிற் கோப்பிக்காகவும், 1869இல் தென்பட்ட இலைநோயாற் கோப்பி அழிந்தபின் தேயிலைக்காகவும் அவர்கள் இம்மலைகளைத் திருத்தினர். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் ஒப்பந்தத்தில் இரு அரசுகள், அவர்களைக் கேளாமலே, தலைக்கணக்கிற் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. தேசம் என்ற பயணக் கூட்டம், மிகப் பாரமான பொதியைச் சுமந்தவரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாதையோரத்தில் விட்டுவிட்டுச் சென்றது.

கஷ்டம் மனிதனை உயர்த்தும் என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். எந்தக் கஷ்டம்? சைக்கிளோட்டி தானே விரும்பி மலையைத் தேர்ந்தான். முடியாவிடின் பஸ்ஸில் ஏறலாம். உச்சியொன்று உண்டு, அதன்பின் இறக்கமும் உண்டு. அக்கஷ்டம் அவனை உயர்த்தக்கூடும். கொழுந்து பறிப்பவள் மலையைத் தேர்ந்தவளல்லள். நிறுத்தும் உரிமை அவளுக்கில்லை. அவளுக்கு உச்சியும் இல்லை. நாளைக்கு அதே மலை. விரும்பி ஏற்ற துன்பத்தின் புகழை, சுமத்தப்பட்ட துன்பத்தின்மேற் போர்த்துவது பெரும் ஏமாற்று. அதனால், மலையேறி வந்த மாணவர் ஊர் திரும்பித் தம் வீரத்தைச் சொல்லும்போது இவ்வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்வாராயின், அப்பயணம் கல்வியாகும்.

ஆகவே எமது விடை இதுவே. ஏற்றத்தில் எல்லாரும் ஒரே வேகத்திற் செல்ல வேண்டுமென்பதில்லை. பாரம் ஆற்றலுக்கேற்பவும் ஓய்வு களைப்புக்கேற்பவும் பங்கிடப்பட வேண்டும். புறப்படும் நேரத்தைக் கடைசியில் வருபவர் சொல்ல வேண்டும். இவை அனைத்தும் இரக்கத்தின் பேரால் அன்றி விதியின் பேரால் நடக்க வேண்டும். வகுப்பறையில் இதைச் செய்து பார்க்கும் ஆசிரியர், பாடத்திட்டத்தின் வேகத்தோடு மோத நேரிடும். சங்கத்தில் செய்து பார்ப்போர், நிருவாகத்தோடு மோத நேரிடும். தோட்டத்தில் அரைப்பேர் என்ற சொல் வழக்கொழிய வேண்டுமெனக் கேட்போர், அதைவிடப் பெரிய சக்திகளோடு மோத நேரிடும். ஏற்றமென்றால் அப்படித்தான். யார் முதலில் ஏறினார் என்று கேட்பதை நிறுத்தி, கடைசியாக வந்தவர் உட்கார்ந்தாரா, நீர் குடித்தாரா என்று கேட்கப் பழகுவோம்.